சின்சில்லா கூண்டில் வாடை வராமல் இருக்க: விரிப்பைத் தேர்ந்தெடுப்பது முதல் பலகையைக் காயவைப்பது வரை

அடர்ந்த ரோமமுள்ள, கொறித்துத் தின்னும் சிறு விலங்கான சின்சில்லாவுக்கு உடம்பு வாடை கிடையாது என்றே சொல்லிவிடலாம். ரோமம் மணக்காது. ஒரு நாளில் இருநூறுக்கு மேல் புழுக்கை போடும். அதுவும் காய்ந்த விதை மாதிரி இறுகி, கையில் ஒட்டாமல், மணமில்லாமல் இருக்கும். அப்படியிருந்தும் சில வீடுகளில் கூண்டு இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் நெடி மூக்கில் ஏறுகிறதென்றால், அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சிறுநீர் எங்கேயோ தேங்கி, தேவைக்கு மேல் நாள் கடந்து கிடக்கிறது.

இந்த உயிரினம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையின் வறண்ட, குளிர்ந்த சரிவுகளில் இருந்து வந்தது. தண்ணீர் குறைவான இடத்தில் பிழைக்கப் பழகிய உடம்பு என்பதால், சிறுநீர் கொஞ்சமாகத்தான் வரும். ஆனால் நன்றாகச் செறிந்து வரும். புதிதாகப் பெய்தது அவ்வளவாக நாறாது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அமோனியாவாக மாற்றும்போதுதான் கண்ணைக் கரிக்கும் நெடி கிளம்புகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், நேரமும் வேண்டும். அந்த இரண்டையும் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வழிகாட்டி முழுவதும். கூண்டின் தரையில் போட எந்த விரிப்பு வாங்குவது என்ற கேள்வி அதில் ஒரு பகுதிதான். பலரும் அதையே முதலில் கேட்கிறார்கள். இங்கே அது மூன்றாவது படியாக வருகிறது.

படி 1: மூக்கைக் கூண்டின் தரைக்குக் கொண்டுபோங்கள்

நம் மூக்கு வாடைக்குச் சீக்கிரம் பழகிவிடும். அறையிலேயே இருப்பவருக்குத் தெரியாத நெடி, வெளியிலிருந்து வருபவருக்கு வாசலிலேயே தெரியும். அதனால் வெளியே போய்விட்டு வந்ததும், வேறு வேலை எதுவும் தொடங்குவதற்கு முன், கூண்டின் முன்னால் குனிந்து அடித்தட்டின் மட்டத்தில் முகத்தை வைத்து ஒருமுறை மூச்சை இழுங்கள். நின்றபடி முகர்ந்து பார்த்தால் போதாது. சின்சில்லாவின் மூக்கு இருப்பது விரிப்பிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில். அமோனியா பிறப்பதும் அங்கேதான். உங்களுக்கு லேசாகத் தெரிகிற நெடி, இரவெல்லாம் அதனுடைய மூச்சுக்குழாயை அரித்துக்கொண்டிருக்கும்.

என்ன வாடை என்பதையும் கவனியுங்கள். சுருக்கென்று கரித்தால் பழைய சிறுநீர். நமுத்துப்போன வாடை என்றால் ஈரமான உலர்புல், ஈரம் ஊறிய மரப்பலகை, அல்லது ஒழுகும் தண்ணீர் பாட்டில். புளித்தோ அழுகியோ வாடை வந்தால், ஒளித்துவைத்த தீனியாக இருக்கலாம். உடம்பு சரியில்லாமலும் இருக்கலாம், அதைக் கடைசிப் படியில் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு: சின்சில்லா மிரண்டால் ஆசனவாய்ச் சுரப்பியிலிருந்து ஒரு கடுமையான வாசனையை வெளியிடும். அது கொஞ்ச நேரத்தில் தானாகவே கலைந்துவிடும், அதற்காகக் கூண்டைக் கழுவ வேண்டியதில்லை.

படி 2: எங்கே பெய்கிறது என்று கண்டுபிடியுங்கள்

புழுக்கை எங்கும் விழும். ஓடும்போதும், தின்னும்போதும், தூங்கும்போதும்கூட. சிறுநீர் அப்படியில்லை. பெரும்பாலான சின்சில்லாக்கள் ஒன்றிரண்டு மூலைகளைத் தேர்ந்தெடுத்து அங்கேயே பெய்யும். அது நீங்கள் நினைக்கும் மூலையாக இருக்காது; மேல்தட்டின் பின்மூலையாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒரு சாயங்காலம் கூண்டின் எல்லா அடுக்குத் தட்டுகளையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் அச்சில்லாத வெள்ளைத்தாளை விரித்துவையுங்கள். விடிந்ததும் பார்த்தால் தாள் கடிபட்டுக் கிடக்கும், பரவாயில்லை. மஞ்சள் கறை எந்தத் துண்டில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். இரண்டு மூன்று இரவு இதைச் செய்தால் இடம் உறுதியாகத் தெரிந்துவிடும். கறை ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ இருந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். சில சிறுநீர் நிறமிகள் காற்றுப் பட்டதும் கருக்கும்.

அப்புறம், கூண்டுக்கு வெளியேயும் பாருங்கள். கம்பிக்கு வெளியே சிறுநீர் தெறிப்பது சாதாரணம். பெட்டைகள் எரிச்சலானால் பின்னங்காலில் நின்று பீய்ச்சி அடிக்கவும் செய்யும். கூண்டை வாரம் தவறாமல் கழுவியும் நெடி போகவில்லை என்றால், கூண்டை நகர்த்திப் பின்சுவரையும் அடிச்சட்டத்தையும் பாருங்கள். பாதி வீடுகளில் குற்றவாளி அங்கேதான் இருப்பான். அந்தப் பக்கம் சின்சில்லாவின் பல்லுக்கு எட்டாத தூரத்தில், கம்பிக்கு வெளியே ஒரு உலோகத் தகட்டை நிறுத்திவைத்தால் சுவர் தப்பிக்கும்.

தண்ணீர் பாட்டிலின் குழாய்க்குக் கீழே ஒரு காய்ந்த தாளை ஒரு மணி நேரம் வைத்துப் பார்ப்பதும் இதே படியில் சேர்த்தி. சொட்டுச் சொட்டாக ஒழுகும் பாட்டில் எவ்வளவு நல்ல விரிப்பையும் ஒரே நாளில் கெடுத்துவிடும்.

படி 3: விரிப்பைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் பத்து வகை இருக்கும். ஒவ்வொன்றிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதைத் தின்றால் என்ன ஆகும்? சின்சில்லாவின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் அது எதையும் கடிக்கும். விரித்தது எதுவானாலும் கொஞ்சமாவது வயிற்றுக்குள் போகும் என்று எடுத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். இந்தக் கேள்வியிலேயே பாதி வகைகள் கழன்றுவிடும்.

வேண்டாதவை முதலில். செடார் மரச்சீவல் கூடவே கூடாது. அதன் மணம்தான் அதன் ஆபத்து. அந்த மணத்தைத் தரும் எண்ணெய்ப் பொருள்கள் மூச்சுக்குழாயை உறுத்தும், சிறு விலங்குகளின் கல்லீரலுக்கும் வேலை வைக்கும். வாடையை மறைக்கிறதே என்று இதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒரு நெடியின் மேல் இன்னொரு நெடியைப் போர்த்துவதால் அமோனியா குறைந்துவிடாது. சரியாக உலர்த்தாத பைன் மரத்துக்கும் இதே கதைதான். வாசனை ஏற்றிய காகித விரிப்பு, நிறம் ஏற்றியது, இவையும் தேவையில்லை.

பூனை கழிக்கும் தட்டில் போடும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் வயிற்றுக்குள் போனால் அங்கேயும் கட்டியாகும், குடல் அடைத்துக்கொள்ளும். மக்காச்சோளத் தக்கைத் துண்டுகள் ஈரம் பட்டால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், தின்றால் அடைக்கவும் செய்யும். நைஸான மரத்தூள் மூக்குக்குள் போகும். பஞ்சு, நூல் மாதிரி இழை நீளும் எதுவும் குடலில் சிக்கும், விரலிலும் சுற்றும். வைக்கோல் சிறுநீரைச் சரியாக உறிஞ்சாது, முனை குத்தும்.

மிச்சமிருப்பவற்றில் நல்லவை என்று இவற்றைச் சொல்வேன்.

சூளையில் உலர்த்திய பைன் மரச்சீவல் பல காலமாகப் பழக்கத்தில் இருப்பது. சூளைச் சூட்டில் மரத்தின் ஈரமும், ஆவியாகக்கூடிய எண்ணெயில் பெரும்பகுதியும் போய்விடும். பொட்டலத்தில் ‘சூளையில் உலர்த்தியது’ என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். பிரித்ததும் பைன் மணம் தூக்கலாக அடித்தால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பென் மரச்சீவலில் இந்த எண்ணெய்த் தொல்லையே இல்லை, மூக்குக்கு இதமானது. ஆனால் நெடியை அடக்குவதில் பைனைவிட ஒரு படி குறைவு.

மரத்தூளை அழுத்திச் செய்த உருண்டைகள், அதாவது பெல்லட், உறிஞ்சுவதில் முதலிடம். ஈரம் பட்ட உருண்டை உடைந்து தூளாகும், படாதது முழுசாக இருக்கும். அதனால் எதை எடுக்க வேண்டும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். விலங்குகளுக்கென்று வரும், எதுவும் கலக்காத பெல்லட்டாக இருக்க வேண்டும். அடுப்பு எரிக்க விற்பதில் பசையோ எரிபொருளோ கலந்திருக்கலாம். உங்கள் சின்சில்லா அதை உட்கார்ந்து தின்கிற ஜாதியாக இருந்தால் பெல்லட்டை மறந்துவிடுங்கள். அல்லது மேலே ஒரு கம்பித்தட்டு போட்டு மூடுங்கள், கண்ணிகள் காலோ விரலோ உள்ளே போகாத அளவு நெருக்கமாக இருக்கட்டும்.

காகித விரிப்பு மென்மையானது, தூசி குறைவு, பாதத்தில் புண் உள்ள விலங்குக்கு நல்லது. நனைந்தால் கூழாகி அடியில் ஒட்டிக்கொள்ளும், மாற்றச் சோம்பினால் மற்ற எல்லாவற்றையும்விட மோசமாக நாறும்.

ஃப்ளீஸ் என்ற பஞ்சுபோன்ற பாலியஸ்டர் துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். ஃப்ளீஸ் எதையும் உறிஞ்சாது. ஈரத்தைத் தன் வழியாகக் கீழே இறக்கிவிட்டு மேற்பரப்பு காய்ந்திருக்கும், அவ்வளவுதான். அடியில் உறிஞ்சும் துணி இல்லாவிட்டால் சிறுநீர் தகட்டில் குளமாகத் தேங்கும். புதுத் துணி முதலில் அதையும் செய்யாது, தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நிற்கும். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் இரண்டு மூன்று முறை வெந்நீரில் துவைத்தால்தான் இறங்கத் தொடங்கும். மென்மையாக்கி ஊற்றினால் இழை மேல் படலம் படிந்து மறுபடி அடைத்துக்கொள்ளும். ஃப்ளீஸின் பெரிய நன்மை, வெட்டினால் ஓரம் நூல் பிரியாது. ஆனாலும் ஓட்டை போட்டுத் தின்கிற விலங்கிடம் ஃப்ளீஸ் வைக்கவே கூடாது. முதல் வாரம் தினமும் ஓரங்களைக் கையால் தடவிப் பாருங்கள்.

மூட்டையாக வாங்குவதற்கு முன், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாங்கி வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரே அளவுள்ள கிண்ணங்களில் ஒவ்வொரு வகையையும் இரண்டு கைப்பிடி போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் 50 மில்லி ஊற்றி, பத்து நிமிஷம் கழித்து மேலே ஒரு டிஷ்யூத்தாளை உள்ளங்கையால் அழுத்துங்கள். மரச்சீவல் கிண்ணத்தில் தாள் நன்றாக நனையும், அடியிலும் தண்ணீர் ஆடும். பெல்லட் கிண்ணத்தில் உருண்டைகள் உப்பி வெடித்து, தாள் லேசாக ஈரப்படும். உங்கள் கடையில் கிடைக்கும் தயாரிப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று இப்படிப் பார்த்தால்தான் தெரியும். தூசிக்கு இன்னும் எளிய வழி: வெயில் கீற்று விழும் இடத்தில் ஒரு கைப்பிடியை உதறுங்கள். மேகமாக எழும்பினால் அந்த மூட்டை வேண்டாம்.

என்னைக் கேட்டால், பெய்யும் மூலையில் பெல்லட், மற்ற இடங்களில் ஃப்ளீஸ் அல்லது மரச்சீவல் என்று இரண்டையும் சேர்த்து வைப்பதே சரி. கூண்டு முழுக்க ஒரே பொருளை நிரப்பினால் ஒரு மூலையின் ஈரத்துக்காக மொத்தத்தையும் கொட்ட வேண்டியிருக்கும்.

படி 4: பெய்யும் மூலையில் ஒரு தட்டு

இடம் தெரிந்துவிட்டது, பொருளும் தெரிந்துவிட்டது. அந்த மூலைக்கு ஒரு தட்டு வையுங்கள். கனமான கண்ணாடிப் பாத்திரம், அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தட்டு. பிளாஸ்டிக்கைக் கடித்துத் தின்றுவிடும். தின்னாவிட்டாலும் கீறல்களுக்குள் சிறுநீர் புகுந்து வாடை நிரந்தரமாகத் தங்கிவிடும். தட்டின் விளிம்பு ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் தெறிக்காது.

பழக்குவதற்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஏற்கெனவே நனைந்த ஒரு பிடி விரிப்பைத் தட்டில் போட்டுவையுங்கள், அந்த வாசனை அழைத்துவரும். உலர்புல் கூடையைத் தட்டுக்கு மேலே மாட்டுங்கள்; தின்றுகொண்டே பெய்வது இவற்றுக்குப் பழக்கம். வேறு மூலையில் பெய்ய ஆரம்பித்தால் வம்புக்கு நிற்காமல் தட்டை அங்கே நகர்த்திவிடுங்கள். இளங்குட்டி சில வாரம் எடுக்கும். சில சின்சில்லாக்கள் கடைசிவரை பழகாது. புழுக்கை விஷயத்தில் எதுவுமே பழகாது, அதற்குத் துடைப்பம்தான் வழி.

படி 5: விரிப்பது

சின்சில்லா குழி தோண்டி வாழும் விலங்கு கிடையாது. அதனால் ஆழமாகக் கொட்ட வேண்டியதில்லை. மரச்சீவல் 5 சென்டிமீட்டர் போதும். பெல்லட் தட்டின் அடி மறையும்படி இரண்டு சென்டிமீட்டர். ஃப்ளீஸ் என்றால் கீழே உறிஞ்சும் பருத்தித் துணி இரண்டு மடிப்பு, மேலே ஃப்ளீஸ், ஓரங்களைத் தட்டுக்கு அடியில் நன்றாகச் செருக வேண்டும். செருகாத ஓரம் மறுநாள் காலை கிழிந்திருக்கும்.

அடித்தளம் வெறும் கம்பிவலையாக இருந்தால் புழுக்கை விழுந்துவிடும், வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் எந்நேரமும் கம்பியில் நிற்கும் பாதம் புண்ணாகும், கால் மாட்டி எலும்பு முறியவும் கூடும். கெட்டியான தளமே நல்லது.

படி 6: அன்றாட வேலை

தினமும் ஐந்து நிமிஷம். அடுக்குத் தட்டுகளில் உள்ள புழுக்கையைச் சிறு தூரிகையால் தள்ளி எடுங்கள், நனைந்த விரிப்பை மட்டும் கரண்டியால் அள்ளுங்கள், சிறுநீர் பட்ட உலர்புல்லை எடுத்துப் போடுங்கள். வாரம் ஒருமுறை பெரிய சுத்தம் செய்வதைவிட இந்த ஐந்து நிமிஷம்தான் நெடியைத் தடுக்கிறது, ஏனென்றால் அமோனியா ஆவதற்கு முன்பே ஈரம் வெளியேறிவிடுகிறது. பெய்யும் தட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுதாகக் கொட்டுங்கள். இரண்டு சின்சில்லா இருந்தால் தினமும். ஃப்ளீஸை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை துவைக்கலாம். இயந்திரத்தில் போடுவதற்கு முன் உதறி, ரோமத்தைத் தூரிகையால் வழித்தெடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாசனையில்லாத சோப்பு, மென்மையாக்கி கூடாது.

வாரம் ஒருமுறை சின்சில்லாவை வேறு பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு முழுச் சுத்தம். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து, பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டுத் துடையுங்கள். காரத்தன்மையுள்ள அமோனியாவை வினிகரின் அமிலம் சமன்செய்துவிடும்; தட்டில் படிந்த வெள்ளைச் சுண்ணாம்புப் படலத்தையும் இளக்கிவிடும், சுரண்டியால் தட்டினால் உரிந்து வரும். பின்னர் வெறும் தண்ணீரால் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகே விலங்கை விட வேண்டும். சின்சில்லாவின் ஒரு ரோமக்கால் துளையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட முடிகள் வளரும். அந்த அடர்த்திக்குள் ஈரம் புகுந்தால் எளிதில் காயாது, தோலில் பூஞ்சை பிடிக்கும். அதே காரணத்தால், வாடை வருகிறது என்று சின்சில்லாவைத் தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது.

பிளீச் வேண்டாம். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு, சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமின். இரண்டும் மனிதருக்கே ஆபத்து. நோய்க்குப் பிறகு கிருமி நீக்க வேண்டிய கட்டாயம் வந்தால் விலங்கு மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் மருந்தைப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக்கிவிட வேண்டாம். ஈரமில்லாத பழைய விரிப்பு ஒரு கைப்பிடியைத் திரும்பப் போடுங்கள். தன் வாசனை துளியும் இல்லாத கூண்டில் சில சின்சில்லாக்கள் பதற்றப்பட்டு, மூலைக்கு மூலை பெய்து வைக்கும்.

படி 7: மரப்பலகைகள்

விரிப்பு, தட்டு எல்லாம் சரியாக இருந்தும் மறையாத நெடிக்கு மரப்பலகைதான் முதல் சந்தேகம். எதுவும் பூசாத மரம்தான் சின்சில்லாவுக்குப் பாதுகாப்பு, ஆனால் பூசாத மரம் சிறுநீரைக் குடிக்கும். மேலே துடைத்தாலும் உள்ளே இறங்கியது ஈரக்காற்று வீசும் நாளில் மறுபடி கிளம்பும்.

பலகையைக் கழற்றி, கறை உள்ள இடத்தை வெந்நீரும் வினிகரும் ஊற்றி நார்த்தூரிகையால் தேயுங்கள். கழுவி, வெயிலில் நிறுத்திவையுங்கள். படுக்கவைத்தால் ஒரு பக்கம் காயாமல் வளைந்துவிடும். இரண்டு நாள் நல்ல வெயில் வேண்டும். காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்து மேல்படலத்தை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் தூளைத் துடைத்து மறுபடி காயவையுங்கள். இப்போது மூக்கருகே வைத்துப் பாருங்கள். இன்னும் நெடி இருந்தால் அந்தப் பலகையின் ஆயுள் முடிந்தது, மாற்றுங்கள். இதற்காகவே பலகைகளை இரண்டு செட் வைத்திருப்பது வசதி: ஒன்று கூண்டில், ஒன்று வெயிலில். பெய்யும் பலகையின் மேல் ஒரு பீங்கான் டைல் போட்டுவிட்டால் மரம் தப்பும், சின்சில்லாவுக்கும் படுக்கக் குளிர்ச்சியான இடம் கிடைக்கும்.

வார்னிஷ், பெயின்ட் அடித்து மூடிவிடலாமே என்று தோன்றும். அதையும் தின்னும்.

படி 8: காற்றும் ஈரப்பதமும்

அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெப்பம் 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் உத்தமம். 26, 27 டிகிரியைத் தாண்டினால் வெப்பத்தாக்குதலே வரலாம். காற்றில் ஈரம் ஏறினால் விரிப்பு காயாது, உலர்புல் நமுத்துவிடும், நெடி இரட்டிப்பாகும். மழை நாளில் விரிப்பை வழக்கத்தைவிட அடிக்கடி மாற்ற வேண்டிவரும். ஈரப்பதம் குறைக்கும் கருவி இருந்தால் கூண்டறையில் வையுங்கள். காற்று வடிகட்டி வாங்குவதாக இருந்தால் அதில் கரித்தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஹெப்பா வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும், நெடியைக் கரிதான் பிடிக்கும்.

ரூம் ஸ்பிரே, நறுமண எண்ணெய், வாசனை மெழுகுவர்த்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம். சமையல் சோடாவை விரிப்பில் தூவும் வழக்கமும் இருக்கிறது. சின்சில்லா அந்தத் தூளை முகரும், நக்கும், தேவையில்லாத வேலை. காலித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டுமானால் சோடாவைப் பயன்படுத்துங்கள்.

ரோமத்தைச் சுத்தமாக்கச் சின்சில்லா நைஸான தூளில் புரளும் தூசிக் குளியல் தொட்டியை 10, 15 நிமிஷத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள். அதிலும் பெய்துவிடும், பெய்த தூளில் புரண்டால் ரோமத்தில் வாடை ஏறும். தூளைச் சலித்துப் புழுக்கையை எடுத்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். கட்டி தட்டியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

படி 9: கூண்டின் குற்றமில்லாத வாடை

எல்லாம் செய்தும் திடீரென்று வாடை மாறினால் விலங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். புழுக்கை இளகி, ஒன்றோடொன்று ஒட்டி நாறுகிறதா? பழம், இனிப்புத் தீனி அதிகமாகியிருக்கலாம்; தீனியை உலர்புல்லுக்குத் திருப்புங்கள், ஒரு நாளில் இறுகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மோவாயும் கழுத்தும் நனைந்து வாய் நாறினால் அது பெரும்பாலும் பல் கோளாறு. கடைவாய்ப்பல் கோணலாக வளர்ந்து குத்திக்கொண்டிருக்கலாம். சிறுநீர் வழக்கத்தைவிடக் கடுமையாக நாறுவது, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவது, சிவப்பாகப் போவது, பழகிய தட்டை விட்டுவிட்டு எங்கும் நனைப்பது, இவை தொற்றாகவோ சிறுநீர்ப்பைக் கல்லாகவோ இருக்கலாம். அன்றைக்கு விரிப்பை மாற்றுவதற்கு முன் கறை பட்ட துண்டை ஒரு பையில் எடுத்துவைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நிறத்தை வாயால் விவரிப்பதைவிட அதைக் காட்டுவது அவருக்கு உதவும்.